இறுவட்டில் பெயர் எழுத முன்னம்

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திப் பக்கம் நான் வைத்திருப்பது சின்னக் கடை. போட்டோக்கொப்பி, லமினேற்றிங், பாஸ்போட் படம், அதோடு சீடி, டிவிடி கொப்பி. பென் ட்ரைவ் வந்த பிறகு தட்டு வேலை குறைந்துவிட்டது, உண்மைதான். ஆனாலும் கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு என்று வந்தால் இன்னும் தட்டுக் கேட்டு வருகிற ஆட்கள் இருக்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. பென் ட்ரைவில் கிடப்பதைப் பேரப்பிள்ளை ஒரு அமத்தலில் அழித்துவிடும். கடைக்குக் கடை குத்தி வைரசும் வாங்கி வரும். ஒருமுறை மட்டும் பதியக்கூடிய டிவிடியில் அந்த இரண்டு பயமும் இல்லை.

தட்டைக் கையில் வாங்கியதும் பெரும்பாலானவர்கள் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, மேல பேரை வடிவா எழுதித் தாரும்." சிலர் மணமக்களின் படத்தை வட்டமாக வெட்டி ஒட்டச் சொல்வார்கள். வெயில், தூசு, கீறல் எல்லாம் தட்டைக் கெடுக்கும் என்று ஊருக்கே தெரியும். எழுதுகிற பேனையும் ஒட்டுகிற தாளும் கெடுக்கும் என்பது கனபேருக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பயப்பட வேண்டிய பக்கம்

சீடியைக் கையில் எடுத்தால் எல்லோரும் மினுங்கும் பக்கத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். மேசையில் வைக்கும்போது மினுங்கும் பக்கம் மேலே, எழுத்துப் பக்கம் கீழே என்று கவிழ்த்து வைப்பார்கள். அது தலைகீழான கவனம்.

ஒரு சீடியின் மொத்தத் தடிப்பு 1.2 மில்லிமீற்றர். அதில் ஏறக்குறைய முழுவதுமே தெளிந்த பிளாஸ்ரிக். நாம் பதியும் சங்கதி அந்தப் பிளாஸ்ரிக்கின் மேற்புறத்தில், எழுத்துப் பக்கத்தோடு ஒட்டியபடி, மெல்லிய சாயப் படையில் கிடக்கிறது. அதற்கு மேல் வெள்ளி போன்ற ஒரு உலோகப் பூச்சு. அதற்கும் மேல் ஒரு வார்னிஷ். இந்த வார்னிஷின் தடிப்பை மில்லிமீற்றரில் ஆயிரத்தில் சில பங்கு என்றுதான் சொல்ல வேண்டும். வெறும் சீடியில் உங்கள் பேனை முனைக்கும் கலியாண வீடியோவுக்கும் இடையில் நிற்பது அவ்வளவுதான்.

கீழ்ப்பக்கம் கீறினால் அநேகமாக வழி உண்டு. லேசர் அந்தப் பிளாஸ்ரிக்கைத் தாண்டிப் போய் உள்ளேதான் குவிகிறது, அதனால் சின்னக் கீறலைப் பொருட்படுத்தாது. தேய்த்து மினுக்கியும் எடுக்கலாம். மேல்பக்கம் கீறி வெள்ளிப் பூச்சு கழன்றால் ஒன்றும் செய்ய முடியாது. கழன்ற இடத்தில் இருந்தது போனது போனதுதான்.

டிவிடி கொஞ்சம் பரவாயில்லை. 0.6 மில்லிமீற்றர் தடிப்பில் இரண்டு தகடுகளை ஒட்டி, பதிவை நடுவில் வைத்திருக்கிறார்கள். மேலே கீறினாலும் பதிவுக்கு உடனே ஆபத்து வராது. ஆனால் அந்த இரண்டு தகடுகளும் ஒட்டியிருப்பது பசையில். தட்டு வளைந்தாலோ விளிம்பால் பிளந்தாலோ டிவிடியின் பாடு சீடியை விட மோசம். கீழே தாள் ஒட்டுவதைப் பற்றிச் சொல்லும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

பேனைகள்

குமிழ்முனைப் பேனை வேண்டவே வேண்டாம். பென்சிலும் அப்படித்தான். முனை கடினம், மையும் பிடிக்காது, பிடிக்கவில்லை என்று இன்னும் அமத்துவோம். கடையில் காட்டுவதற்கென்றே ஒரு பழுதான சீடி வைத்திருக்கிறேன். யாரோ நீலப் பேனையால் "அம்மா 31" என்று எழுதியது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை வீடியோவாக இருக்க வேண்டும். மேலே மை அழிந்து எழுத்தே தெரியாது. திருப்பி மினுங்கும் பக்கத்தைப் பார்த்தால் "அம்மா 31" கண்ணாடியில் தெரிவது மாதிரி இடம் வலமாக, கோடு கோடாக, வடிவாகத் தெரியும். பேனை அழுத்தி வெள்ளிப் பூச்சில் தடம் போட்ட இடங்கள் அவை. அதைப் பார்த்த பிறகு யாரும் என்னோடு வாதாடுவதில்லை.

அடுத்தது மார்க்கர். இதில் மையை எதில் கரைத்திருக்கிறார்கள் என்பதுதான் விசயம். மூடியைக் கழற்றியதும் பெயின்ற் கடை மணம் அடித்தால் அந்த மார்க்கரைத் தட்டுக்குக் கிட்டக் கொண்டுவர வேண்டாம். சைலீன், தொலுயீன் என்று போட்டிருந்தாலும் அப்படியே. அவை வார்னிஷைக் கரைத்து உள்ளே இறங்கக்கூடியவை. சாதாரணப் பெர்மனன்ற் மார்க்கர்களில் பெரும்பாலானவை அற்ககோல் மை. அது அவ்வளவு கொடியதில்லை. அப்படி எழுதின தட்டுகள் வருடக்கணக்காக ஓடிக்கொண்டும் இருக்கின்றன. ஆனால் வார்னிஷ் எல்லாத் தட்டிலும் ஒரே தரம் இல்லை. மேலே ஒரு அச்சும் இல்லாமல் இரண்டு பக்கமும் வெள்ளியாக மினுங்கும் மலிவுத் தட்டு கட்டுக்கட்டாக வருகிறதே, அதில் நான் அற்ககோல் மார்க்கரையும் நம்பமாட்டேன்.

நல்லது நீர் மை, பஞ்சு முனை. "சீடி மார்க்கர்" என்று கேட்டு வாங்குங்கள். வாங்கினாலும் நீர் மைதானா என்று பேனை உடம்பில் பாருங்கள். அது கிடைக்காவிட்டால், முன்பு பள்ளிக்கூடங்களில் சுவரில் ஒளி வீழ்த்திக் காட்டுகிற தெளிந்த பிளாஸ்ரிக் தாளில் ஆசிரியர்கள் எழுதிய பேனை இருக்கிறது. ஸ்டெட்லர் லுமோகலர் போன்றவற்றில் இரண்டு வகை வரும்: அழியாதது, தண்ணீரில் அழியக்கூடியது. நமக்கு வேண்டியது இரண்டாவது. ஈரக் கையால் தொட்டால் இழுபடும் என்று குறை சொல்வார்கள். இழுபடட்டும். பெயர் அழிந்தால் திரும்ப எழுதலாம்.

கடைக்கார நண்பர்களுக்கு ஒன்று. பெயரில் எழுத்துப் பிழை வந்தால் ரிப்பெக்ஸ் என்கிற வெள்ளைத் திருத்த மை பூசி மேலே எழுதுகிற பழக்கத்தை விடுங்கள். அதிலும் கரைப்பான் உண்டு, காய்ந்ததும் ஒரு பக்கம் தடித்துப் பாரமும் ஏறும். தின்னர், நகப்பூச்சு அழிக்கிற தண்ணி இரண்டும் இன்னும் மோசம். பிழையாக எழுதியதை ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதினால் என்ன குறைந்துபோகும்? மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தால் புதுத் தட்டுப் போட்டுக் கொடுங்கள்.

எழுதுகிற இடம்

பேனையை விட இடம் முக்கியம். தட்டின் நடுத் துளையைச் சுற்றி ஒளி ஊடுருவும் ஒரு வளையம் இருக்கிறது. அங்கே சாயமும் இல்லை, வெள்ளியும் இல்லை, பதிவும் இல்லை. தட்டின் நடுப் புள்ளியிலிருந்து ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் வரை அப்படித்தான். பதிவு அதற்கு வெளியேதான் தொடங்குகிறது. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2003இல் வெளியிட்ட பராமரிப்புக் கையேடும் ஆபத்தே இல்லாத இடம் என்று இந்த வளையத்தைத்தான் காட்டுகிறது. இந்த இடத்தில் மெல்லிய முனையுள்ள அற்ககோல் மார்க்கரையும் பயமில்லாமல் பாவிக்கலாம். தின்னர் மணக்கும் மார்க்கர் மட்டும் இங்கேயும் வேண்டாம், அது பிளாஸ்ரிக்கையே வெடிக்க வைக்கும்.

இடம் சின்னது, "திருநிறைச்செல்வன், திருநிறைச்செல்வி" எல்லாம் அங்கே கொள்ளாது. கொள்ளவும் தேவையில்லை. தட்டில் ஒரு இலக்கம் போதும். நான் எழுதுவது இப்படி: 2016-08 க 2/3. ஆண்டு, மாதம், கலியாணம், மூன்றில் இரண்டாவது தட்டு. சாமத்தியவீட்டுக்கு "சா", கோயில் திருவிழாவுக்கு "கோ". அதே இலக்கத்தை ஒரு சி.ஆர். கொப்பியில், அதாவது தடித்த எழுதும் புத்தகத்தில், எழுதி, பக்கத்தில் முழு விபரமும்: யார், எங்கே, எத்தனை மணித்தியாலம், யார் படம் பிடித்தது, கொப்பி யார் யாருக்குப் போனது. கடைசி விபரத்தை வீட்டுக்காரர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். வன்னியில் அதை விடக்கூடாது. 2009இல் இடம்பெயர்ந்து ஓடியதில் அல்பமும் கசெற்றும் பெட்டியோடு போன வீடுகள் இங்கே ஏராளம். கனடாவிலோ லண்டனிலோ பிரான்சிலோ இருக்கிற தமையனுக்கு முன்பு அனுப்பின ஒரு கொப்பிதான் பிறகு திரும்பி வந்து, இருக்கிற ஒரே ஆதாரமாக நிற்கிறது. யாரிடம் கொப்பி இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்.

இன்னொரு பெயர் இருக்கிறது, மையே தேவைப்படாதது. பதியும்போது கொம்பியூட்டர் தட்டுக்கு ஒரு பெயர் கேட்கும். அவசரத்தில் எல்லோரும் அந்த இடத்தில் இருப்பதை அப்படியே விட்டுவிடுவார்கள், தட்டைப் போட்டுப் பார்த்தால் அன்றைய திகதிதான் நிற்கும். அங்கேயும் இதே இலக்கத்தை ஆங்கில எழுத்தில், 16 எழுத்துக்குள், இடைவெளி விடாமல் கொடுங்கள். தமிழ் எழுத்துப் போட்டால் பழைய பிளேயர்கள் கட்டம் கட்டமாகக் காட்டும். இடம் இருந்தால் முழு விபரத்தையும் ஒரு சின்ன எழுத்துக் கோப்பாக உள்ளே போட்டுவிடுங்கள். மேலே எழுதியது அழிந்தாலும், உறையைக் கறையான் தின்றாலும், தட்டு ஓடும் காலம்வரை இந்தப் பெயர் இருக்கும்.

ஒழுங்கு இதுதான்: முதலில் பதியுங்கள். பதிந்ததை ஓடவிட்டுச் சரிபாருங்கள். பிறகு எழுதுங்கள். தட்டை விளிம்பிலும் துளையிலும் பிடித்து, துணி விரித்த மேசையில் வைத்து, அமத்தாமல் எழுதி, காயவிட்டு, பிறகுதான் உறை.

ஒட்டுகிற தாள்

எனக்கு இதில் இரண்டாவது பேச்சில்லை: ஒட்டாதீர்கள். வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டு, சீடிக்கென்றே விற்கிற தாளும் இதில் அடக்கம்.

52 மடங்கு வேகம் என்று போட்டிருக்கும் சீடி ட்ரைவில் தட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,000 சுற்றுச் சுற்றும். ஒட்டின தாள் ஒரு மில்லிமீற்றர் விலகினாலே பாரம் ஒரு பக்கம் சாயும், சைக்கிள் கரியரில் நெல் மூட்டையை ஒரு பக்கமாகக் கட்டினது மாதிரி. ட்ரைவ் உறுமும், அதிரும், படம் நின்று நின்று ஓடும். சனம் உடனே தட்டுப் பழுது என்று திரும்பக் கொண்டுவரும்.

அதைவிடப் பெரிய பிரச்சினை எங்கள் காலநிலை. சோளகம் வீசுகிற மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே தாள் காய்ந்து சுருங்கும். மாரி வந்தால் அதே தாள் ஈரம் குடித்து விரியும். தாளோடு சேர்ந்து தட்டும் இழுபடும். டிவிடியில் சின்ன வளைவே லேசருக்குக் கண் தெரியாமல் பண்ணிவிடும். பசையும் கால ஓட்டத்தில் மாறி, ஓரம் கிளம்பும். தட்டை வாயால் விழுங்குகிற மாதிரி வாகன பிளேயர்கள் இருக்கின்றனவே, ஓரம் கிளம்பின தட்டு அதற்குள் போனால் வெளியே வராது. தனியார் பஸ் ஒன்றில் அப்படிச் சிக்கின பாட்டுத் தட்டை எடுக்க பிளேயரையே கழற்றிக்கொண்டு வந்தார்கள். உள்ளே சூட்டில் தாள் சுருண்டு பசை வழிந்து கிடந்தது.

ஸ்ரிக்கர் பொட்டு ஒட்டுகிற பழக்கமும் உண்டு. எழுத்து வாசிக்கச் சிரமப்படுகிற அம்மம்மாமார் முதல் தட்டுக்கு ஒரு பொட்டு, இரண்டாவதுக்கு இரண்டு பொட்டு என்று அடையாளம் வைப்பார்கள். நல்ல யோசனை, இடம்தான் பிழை. உறைக்கு மேல் ஒட்டினால் எத்தனை பொட்டும் ஒட்டலாம். சுபகாரியத் தட்டு என்று சந்தனம் குங்குமம் வைப்பதும் உறையிலேயே இருக்கட்டும்.

படம் வேண்டுமென்றால்

வேண்டும்தான். கலியாணத் தட்டில் படம் இல்லாவிட்டால் என்ன கலியாணத் தட்டு என்று கேட்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அதற்கு வழி, மேல்பக்கம் வெள்ளையாக வருகிற அச்சிடத்தக்க தட்டு. தட்டு வைக்கும் தாங்கியோடு வரும் இங்க்ஜெற் பிரின்ரரில், உதாரணத்துக்கு எப்சன் எல்805 போன்றதில், நேரடியாக அடிக்கலாம். மை தண்ணியானது, பாரம் ஏறாது, பசை இல்லை. வெள்ளைப் படை மையைக் குடிப்பதற்கென்றே பூசப்பட்டது. பேனையால் எழுதுவதற்கும் இந்த வெள்ளைத் தட்டுத்தான் தோது, வெள்ளியின் மேல் கூடுதலாக ஒரு படை இருக்கிறதே.

அடித்ததும் தொட வேண்டாம். ஒரு நாள் முழுக்கத் தனித்தனியாகப் பரப்பிக் காயவிடுங்கள். கார்த்திகை, மார்கழியில் இரண்டு நாள் என்றாலும் பொறுங்கள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கினால் மேல் தட்டின் கீழ்ப்பக்கத்தில் மாப்பிள்ளையின் கோட் நிறம் ஒட்டிக்கொள்ளும். பின்னணியைக் கறுப்பாகவோ கடும் சிவப்பாகவோ நிரப்பாதீர்கள், காய நேரமெடுக்கும், விரல் பட்டால் முதலில் தெரிவதும் அதுதான். வெளிர் நிறப் பின்னணியும் சின்னப் படமும் போதும்.

லேசராலேயே மேல்பக்கத்தில் படம் பொறிக்கிற லைற்ஸ்கிரைப் என்று ஒன்று 2004 அளவில் வந்தது. அதற்கென்று தனி ட்ரைவும் தனித் தட்டும் வேண்டும். இப்போது அதைத் தேடி அலைய வேண்டாம்.

பிரின்ரர் வசதி இல்லையா? படத்தை உறையின் அட்டையாக அடியுங்கள். அதுவும் கடினப் பெட்டியின் வெளிப்புறத் தாள் செருகியில் இருக்கட்டும். உள்ளே தட்டோடு உரசும்படி தாள் வைத்தால் மாரியில் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெதுமையான பிளாஸ்ரிக் உறை சூட்டில் தட்டோடு ஒட்டும், நீண்ட காலத்துக்கு அது சரிவராது. பெட்டியைப் படுக்க வைக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி, அலுமாரியின் கீழ்த் தட்டில், சுவரோடு முட்டாமல் வையுங்கள். ரீவிக்கு மேலும், கூரைக்குக் கிட்ட இருக்கும் பரணிலும் வைக்கவே கூடாது.

ஏற்கெனவே ஒட்டியிருந்தால்

விசுவமடுவிலிருந்து ஒரு அக்கா வந்தார். கனடாவில் இருக்கிற தங்கை வீட்டிலிருந்து திரும்பி வந்த அவருடைய கலியாணச் சீடி, மேலே வட்டப் படம் ஒட்டினது. படம் மஞ்சளடித்து ஓரம் கிளம்பியிருந்தது. "இதை உரிச்சுப்போட்டு நல்ல படமா ஒட்டித் தாரும் தம்பி" என்றார். பேச்சோடு பேச்சாக நகத்தால் ஓரத்தைக் கிளப்பியும் விட்டார். கடுகளவு தாளோடு கடுகளவு வெள்ளியும் கழன்று வந்தது. தட்டை ரியூப் லைற்றுக்கு நேரே பிடித்தேன். அந்த இடத்தால் வெளிச்சம் ஊசி மாதிரி வந்தது. நல்ல காலம், அது வெளி ஓரம். சீடி உள்ளிருந்து வெளியேதான் பதியப்படும், அந்த இடம் வரை பதிவு வந்திருக்கவில்லை.

உரிக்கக் கூடாது. கத்தரிக்கவும் கூடாது, தண்ணீரில் ஊறவைக்கவும் கூடாது. கிளம்பின ஓரத்தை விரலால் மெல்லப் படியவைத்து, முதல் வேலையாக உள்ளிருப்பதைக் கொம்பியூட்டரில் இறக்குங்கள். தட்டு வைத்து மூடுகிற ட்ரைவில் போடுங்கள், விழுங்குகிற ட்ரைவில் வேண்டாம். வேகத்தைக் குறைக்க வழியிருந்தால் குறையுங்கள். ட்ரைவ் உறுமினால் நிறுத்தி, தட்டை எடுத்து, சூடு ஆறிய பிறகு திரும்பப் போடுங்கள். இறக்கிய பிறகு இரண்டு புதுத் தட்டில் பதிந்து, ஒன்றை வேறொரு வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். பழையதை எறிய வேண்டாம், தாள் ஒட்டினபடியே பெட்டிக்குள் கிடக்கட்டும்.

அந்த அக்காவுக்கு அப்படித்தான் செய்து கொடுத்தேன். படத்தை ஸ்கான் பண்ணி, மஞ்சளைக் குறைத்து, வெள்ளைத் தட்டில் அடித்தேன். வளையத்தில் இலக்கம் எழுதும்போது, பழைய தட்டிலிருந்து எடுத்தது என்பதற்கு "கொ" என்று ஒரு எழுத்துச் சேர்த்தேன். அதையும் கொப்பியில் குறிக்க வேண்டும்: எந்தத் தட்டிலிருந்து, எந்த மாதம் எடுத்தது, எந்த இடத்தில் படம் தடங்கியது என்று. பிறகு ஒருநாள் இன்னொரு சகோதரத்திடமிருந்து இதைவிட நல்ல கொப்பி வந்தால் எந்தப் பகுதியை மாற்ற வேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் தெரியும்.